புதுப்பிப்பு: சம்பளமா, ஈவுத்தொகையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சொந்தக் கம்பெனி வழியாக ஒப்பந்த வேலை செய்யும் நான், சம்பளத்தைக் குறைத்து ஈவுத்தொகையாக (பங்குதாரருக்குக் கம்பெனி தரும் லாபப் பங்கு) எடுத்தால் வரி மிச்சமாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் கணக்கர் அக்கா ஒரே தாளில் என் ஆசையை முடித்துவைத்தார்.

100 ராண்ட் லாபத்தில் கம்பெனி வரி 27. மிச்சம் 73-இல் ஈவுத்தொகை வரி 20 சதவீதம், அதாவது 14.60. கையில் நிற்பது 58.40. போனது 41.60! சம்பளமாக எடுத்தால் அது கம்பெனிக்குச் செலவு; அங்கே வரி இல்லை. 2025/26 அட்டவணைப்படி ஆண்டுக்கு 18,17,000 ராண்ட் வரை என் வருமான வரியின் உச்ச விகிதமே 41 சதவீதம்தான். அதைத் தாண்டி 45 ஆகும்போதுதான் ஈவுத்தொகை முந்துகிறது. அவ்வளவு சம்பாதித்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன்.

ஓய்வூதியச் சேமிப்புக்கான 27.5 சதவீதக் கழிவும் சம்பளத்தை வைத்துத்தான்; ஈவுத்தொகை அதில் சேராது.

உண்மையான தலைவலி வேறு. என் வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. அப்படியிருக்கும்போது உறவினர் அல்லாத முழுநேர ஊழியர்கள் மூவர் இல்லையென்றால், வரிக் கணக்கில் கம்பெனி சம்பளம் தவிர பெரும்பாலான செலவுகளைக் கழிக்க முடியாதாம். இப்போது இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுகிறேன்.