நியூட்ரல் உள்ள த்ரீ பேஸ் இணைப்பில் மொத்த வலு: இரண்டு வாட்மீட்டர் போதுமா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நண்பரின் மா அரைக்கும் கடை. நான்கு கம்பி இணைப்பு (ஆர், வை, பி என்ற மூன்று பேஸ் கம்பிகளும் நியூட்ரல் என்ற பொதுத் திரும்பு கம்பியும்), 400/230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். போன மாதம் ஒரே பேஸில் குளிர்பெட்டிகள் பூட்டியதிலிருந்து கணக்கு ஒத்துவரவில்லை.

கிளாம்ப் மீட்டரில் ஆர் 18, வை 12, பி 9 அம்பியர். நியூட்ரலிலும் சுமார் 8 அம்பியர் ஓடுகிறது. சராசரி 13 அம்பியரை வைத்து √3 × 400 × 13 போட்டால் 9 கிலோவோல்ட்அம்பியர். பேஸ் பேஸாக 230ஆல் பெருக்கிக் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதேதான். வலுக்காரணி (கிலோவோல்ட்அம்பியரில் உண்மையான வலுவாகும் பங்கு) 0.8 என்று எடுத்தால் 7.2 கிலோவாட் வரவேண்டும். ஆனால் ஆர் கம்பியைப் பொதுவாக வைத்து இரண்டு வாட்மீட்டரால் அளந்தால் கூட்டுத்தொகை 6.2 கிலோவாட்தான்! வாட்மீட்டர்களை மாற்றிப் பூட்டியும் அதே அளவுதான். பிரேக்கர் அளவை இதை நம்பித்தான் தீர்மானிக்க வேண்டும், அதனால் ஊகத்தில் விட மனமில்லை.

நியூட்ரல் மின்னோட்டம்தான் இந்த 1 கிலோவாட் குறைவுக்குக் காரணமா, மூன்றாவது வாட்மீட்டர் கட்டாயம் வேண்டுமா?