முதல் மாடியில் அரிசி குடோன்: வீட்டுப் பிளானையே போடலாமா?

கேள்வி – மானூர் அரிசிக்கடை

வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்களுக்கு அரிசிக்கடை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் ஏறி, கீழ்வரிசை மூட்டை எல்லாம் நாசமாகிவிட்டது. இப்போது மானூரில் இடம் வாங்கியிருக்கிறோம், கரிசல் நிலம். கீழே கடை, முதல் மாடியில் குடோன், அதற்கு மேல் வீடு என்று நினைப்பு. ஆழ்வார்குறிச்சியில் மச்சான் இதே அளவில் வீடு கட்டியிருக்கிறார். அந்தப் பிளானும் கம்பியும் இதற்கும் போதும் என்கிறார் கொத்தனார். போதுமா?

பதில் – பாளை இன்ஜினியர்

போதாது அண்ணாச்சி. தயவுசெய்து அந்தப் பிளானில் கட்டாதீர்கள்.

உங்கள் மூட்டையை வைத்தே கணக்குப் பார்ப்போம். 25 கிலோ மூட்டை படுத்தால் ஏறக்குறைய மூன்றேகால் சதுர அடி பிடிக்கும். இருபது மூட்டை அடுக்கினால் 500 கிலோ. ஆக, சதுர அடிக்கு 150 கிலோவுக்கு மேல் வருகிறது. வீட்டு அறைக்கு ஐ.எஸ். 875 (கட்டடப் பளுவுக்கான இந்தியத் தர நூல்) சொல்லும் பளு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சதுர அடிக்கு 19 கிலோவுக்குள். பள்ளி வகுப்பறைக்கு அது 3, நாற்காலி பதிக்காத மண்டபத்துக்கு 5. மச்சான் வீட்டுக் கம்பி அந்த 2-க்குப் போட்ட கம்பி. தளத்தின் சொந்த எடையையும் சேர்த்தால்கூட உங்கள் குடோன் தளம் அந்த வீட்டுத் தளத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் சுமக்க வேண்டும். அது அப்படியே பீம், தூண், அஸ்திவாரம் என்று கீழே இறங்கும்.

இன்னொன்று, வீட்டில் ஆட்கள் வருவார்கள், போவார்கள். மூட்டை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும். நாள்பட்ட பளுவில் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்யும்.

என் யோசனை: மூட்டையைக் கீழேயே வையுங்கள். தரைத்தளத்தில் அடுக்கினால் பளு தூணுக்குப் போகாமல் நேராக மண்ணுக்குப் போய்விடும். வெள்ள பயத்துக்குப் பீடத்தை லாரி பாடி உயரத்துக்கு, சுமார் நாலு அடிக்கு ஏற்றுங்கள். லோடுமேன்களுக்கும் முதுகு தப்பும். மானூர்க் குளம் மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். மேலே வீடு மட்டும் என்றால் தளமும் தூணும் சாதாரண அளவில் முடியும்.

பதில் – திசையன்விளை காண்ட்ராக்டர்

சார் சொல்வது சரி. எங்கள் பக்கம் தேரி எனும் செம்மணல், அங்கே கரிசல், இரண்டுக்கும் ஒரே அஸ்திவாரம் ஆகாது. கடலோரம் என்றால் உப்புக்காற்றுக்குக் கம்பியின் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) 45 மில்லிமீட்டர், எம்30 எனும் வலுவான ரக கான்கிரீட் என்று அதுவும் மாறும். பக்கத்து ஊர் பிளானைக் கொண்டுவந்து கேட்பவர்களிடம் நான் முதலில் மண்ணைத்தான் கேட்பேன்.

மானூர் அரிசிக்கடை

ரொம்ப நன்றி சார். மூட்டையைக் கீழேயே வைத்துக்கொள்கிறோம். ஆனால் கரிசல் தரை வெடித்துத் தூக்காதா? பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டால்தான் ஆகும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பாளை இன்ஜினியர்

தூக்கும். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும். அதனால் தரைக்குக் கீழே உள்ள கரிசலை முடிந்த ஆழம் வரை எடுத்துவிட்டு, சரள் மண்ணை அடுக்கு அடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்புங்கள். ஆற்றுமணலோ எம்-சாண்டோ கொட்டாதீர்கள். மணலுக்குள் தண்ணீர் தேங்கி, அடியில் இருக்கும் கரிசலை ஊற வைத்துக்கொண்டே இருக்கும்.

பைல் வேண்டுமா வேண்டாமா என்பதைக் குழி வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மனையின் இரண்டு மூலையில் ஆளிறங்கும் குழி வெட்டுங்கள். ஆறேழு அடிக்குள் சுக்கானோ (சுண்ணாம்பு கலந்த கெட்டி மண்) கெட்டிச் சரளோ வந்தால் அதன்மேல் தூண் அஸ்திவாரம் போதும். கரிசல் இன்னும் கீழே போனால் அண்டர்ரீம் பைல்தான். பன்னிரண்டு அடி ஆழம் போட்டு, அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழ் விடுவோம். அந்தக் குமிழ்தான் மேல்மண் உப்பும்போது பைலை இழுத்துப் பிடிக்கும். பைல் தலைகளை இணைக்கும் அடிபீமுக்கும் மண்ணுக்கும் நடுவே மூன்று அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். கொத்தனார் அதை மண்ணால் அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அடைத்தால், மண் உப்பும்போது பீமை மேலே தூக்கிவிடும்.

மண் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுங்கள் அண்ணாச்சி. அதன் பிறகு தூண் அளவு பேசலாம்.