ஆங்கிலத்தில் ‘ஹிஸ்’ என்பது யாரைக் குறிக்கிறது?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘ரவி டோல்டு குமார் தட் ஹிஸ் சைக்கிள் வாஸ் மிஸ்ஸிங்’ என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தாள். யாருடைய சைக்கிள் என்று விளங்கவில்லை எனக் குறித்து, ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அதையே தமிழில் சொல்லச் சொன்னேன். ‘தன் சைக்கிளைக் காணவில்லை என்று ரவி குமாரிடம் சொன்னான்’ என்று தயங்காமல் சொன்னாள். தமிழில் ஐயமின்றி நிற்கும் கருத்து ஆங்கிலத்தில் ஏன் இரு பொருள் தருகிறது? இதை அவளுக்கு எப்படி விளக்குவது?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மேலூர்

அம்மா, உங்கள் மகளின் தமிழ் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. இத்தகைய வாக்கியத்தில் ‘தன்’ என்பது எழுவாயாகிய ரவியையே சேரும். ‘அவன் சைக்கிள்’ என்றால் குமாருடையதாகவோ வேறொருவனுடையதாகவோ கொள்வோம். இவ்விரண்டு வேலைகளையும் ஆங்கிலத்தில் ‘ஹிஸ்’ என்ற ஒரே சொல் செய்கிறது. அது ஆண்பால், ஒருமை என்னும் இரண்டை மட்டுமே காட்டுவதால், ரவி, குமார் இருவருமே அதற்குப் பொருந்திவிடுகிறார்கள். குமாரின் இடத்தில் மீனா இருந்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது. ‘ரவீஸ் சைக்கிள் வாஸ் மிஸ்ஸிங், அண்ட் ஹி டோல்டு குமார்’ என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். ‘ஹி’ வரும்போது அதற்கு முன் ரவி ஒருவன்தான் இருக்கிறான். ‘ஹி’, ‘ஹிஸ்’ போன்ற பிரதிப்பெயரை எழுதியவுடன் அதன் மேல் விரலை வைத்து, அது எந்தப் பெயருக்கு உரியது என்று பின்னோக்கித் தேடும்படி என் மாணவர்களைப் பழக்கினேன். இரண்டு பெயர்கள் அகப்பட்டால் வாக்கியத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

மறுமொழி: ஆவண மொழிபெயர்ப்பாளர், ஒத்தக்கடை

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடக்கும் வழக்குகளுக்காகத் தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருகிறேன். எனக்கு நேரும் சிக்கல் இதற்கு நேர்மாறானது. ‘மேற்படியார் தம் தம்பிக்கு எழுதிக்கொடுத்த நிலம்’ என்று பத்திரத்தில் இருந்தால், எழுதிக்கொடுத்தவர் அண்ணனா அக்காளா என்பது அந்த வரியில் இல்லை; ஆங்கிலத்திலோ ‘ஹிஸ்’ அல்லது ‘ஹெர்’ என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பத்திரத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, மகன், மகள், மனைவி என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே அந்தச் சொல்லை எழுதுவேன். ஆண்கள் இருவர் வரும் பத்தியில் பிரதிப்பெயரை விட்டுவிட்டுப் பெயரையே திரும்ப எழுதுகிறேன். படிக்க அது அழகாக இராது. ஆனால் நிலம் யாருக்கு என்பதில் ஐயம் தங்கக் கூடாது.

மறுமொழி: தமிழ் முதுகலை மாணவி, மதுரை

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இயற்பெயரும், ‘அவன்’, ‘அவள்’ போன்ற சுட்டுப்பெயரும் ஒருங்கே வரும்போது சுட்டுப்பெயரை முன்னே சொல்ல மாட்டார்கள், பெயருக்குப் பின்பே சொல்வார்கள் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்னும் இயல் கூறுகிறது. செய்யுளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆங்கிலம் உரைநடையிலேயே இதற்கு இடம் தருகிறது. ‘வென் ஹி ரீச்டு மேலூர், முருகன் கால்டு ஹிஸ் மதர்’ என்பதில் ‘ஹி’ பின்னால் வரும் முருகனாகவே இருக்கலாம். ஆகவே, ஐயா சொன்னபடி பின்னோக்கித் தேடும் மாணவி, இப்படித் தொடங்கும் வாக்கியங்களைப் படிக்கையில் முன்னோக்கியும் பார்க்க வேண்டும்.