கூட வந்தவரைப் பார்த்துத்தான் கேட்பார்கள்

எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது 1973-ல், ஒன்றரை வயசில். தென்காசிப் பக்கத்துக் கிராமம். காய்ச்சல் விட்டுவிட்டது, வலது கால் எழும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர், "பொட்டப்பிள்ளைய இப்படித் தூக்கிட்டு அலைஞ்சு என்ன ஆகப்போகுது அண்ணாச்சி?" என்றார். ஐயா பதிலே பேசவில்லை. என்னை முன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

காலைத் தாங்கி நிற்கவைக்கும் காலிப்பர் போட்டவர்களுக்குத் தெரியும். தொடை வரைக்கும் இரும்புக் கம்பி, தோல் பெல்ட், கனத்த பூட்ஸ். முட்டிக்கு இரண்டு பக்கமும் வளையம். நின்றால் அது இறங்கிப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமென்றால் பாவாடைக்கு மேலாகவே தடவி இரண்டையும் மேலே தூக்கிவிட வேண்டும். வாத்தியாருக்கு வணக்கம் சொல்லிவிட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் நின்றுகொண்டிருப்பேன். மழைக்காலத்தில் தோல் ஊறித் தொடையெல்லாம் புண்.

கல்யாண வீடுகளில் பின்கட்டில் உட்காரவைத்ததையெல்லாம் எழுதினால் தீராது.

1995-ல் ஊனமுற்றோருக்கான சட்டம் வந்து, 40 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் இருந்தால்தான் சலுகை என்றானது. சான்றிதழ் தரும் மருத்துவ போர்டு டாக்டர் என் அண்ணனைப் பார்த்து, "எப்பலேர்ந்து இப்படி?" என்றார். "அவகிட்டயே கேளுங்க சார்" என்றான் அண்ணன். அப்போதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-ல் தொடங்கியது. காலிப்பருக்கு அளவெடுத்தவர் நேரே என்னிடம், "எந்த இடத்துலம்மா உறுத்துது?" என்றார். அத்தனை வருஷம் என் காலில் கிடந்த சாமான், அதைப் பற்றி அதுவரை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

பராமரிப்பு என்ற பேரில்தான் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலும் அது நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட வழியில்லாமல் 28 பேர் செத்தார்கள். எங்கள் தெரு அக்கா ஒருத்தியையும் முன்பு ஏர்வாடியில்தான் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவள் அம்மா மனசு கேட்காமல் போய்க் கூட்டிவந்துவிட்டாள். அங்கே இருக்க உனக்குச் சம்மதமா என்று அக்காவிடம் யார் கேட்டிருப்பார்கள்? சங்கிலி போடவே கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதற்கு இத்தனை வருஷம்.

இப்போது சட்டத்துக்குக் குறையில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஊனத்தின் வகைகள் 7-லிருந்து 21 ஆகிவிட்டன. ஆனால் போன மாதம் ஒரு வங்கியில், கூட வந்த என் தம்பி மகனிடம், "அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். அவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். நான் கணக்கு டீச்சர்.

கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புவேன். அப்படி அனுப்பியவர்கள் இருந்தால், என்னென்ன தாள் இணைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.