ரவுட்டர் தினமும் தானே ரீஸ்டார்ட் ஆக என்ன வழி?

இரவுப்பறவை:
நான்கு நாள் ஓடினாலே என் ரவுட்டர் திணறுகிறது. விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரியும், ஒரு பக்கம்கூடத் திறக்காது, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அதிகாலை 4 மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆக வைக்க முடியுமா? அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள், OpenWrt) போட்டிருக்கிறேன்.

சொருகி:
எதற்கு வம்பு, டைமர் பிளக் ஒன்று மாட்டுங்கள்.

கம்பிவட்டம்:
ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) ஏறும்போது பிளக் மின்சாரத்தை வெட்டினால் ரவுட்டர் செங்கல்தான், மறுபடி எழாமலே போகலாம். கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) ஒரு வரி போதும்: 0 4 * * * (முதலில் நிமிடம், அப்புறம் மணி), பக்கத்தில் ரீபூட் கட்டளை. ஆனால் வெறும் ரீபூட் வேண்டாம், நான் சூடுபட்டவன். பெரும்பாலான ரவுட்டர்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, எழும்போது ஈடிசி (/etc, அமைப்புகள் இருக்கும் இடம்) ஃபோல்டரில் கடைசியாக மாறிய ஃபைலின் நேரத்தையே இப்போதைய நேரமாக எடுத்துக்கொள்ளும், அப்புறம் நெட்டிலிருந்து நேரம் சரியாகும்போது கிரான் மறுபடி 4 மணியைப் பார்த்து மறுபடி ரீபூட் செய்யலாம், விடிய விடிய இதே கூத்து. அதனால் முதலில் 70 விநாடி ஸ்லீப் (காத்திருக்கும் கட்டளை), பிறகு ஈடிசியில் உள்ள பேனர் ஃபைலுக்கு ஒரு டச் (ஃபைலின் நேரத்தை இப்போதைக்கு மாற்றும் கட்டளை), கடைசியில் ரீபூட்; அப்போது எழும் கடிகாரம் 4 மணியைத் தாண்டியே இருக்கும். டைம் சோனையும் பாருங்கள், மாற்றாவிட்டால் யூடிசிதான் (உலகப் பொது நேரம்).

பழையமோடம்:
சரி, ஆனால் நோய் அப்படியே இருக்கிறதே? லாக் (ரவுட்டர் எழுதிவைக்கும் பதிவு) ரேமில்தான் இருக்கும், ரீபூட் ஆனதும் போய்விடும். திணறும்போது அணைக்காமல் லாக்ரீட் (அந்தப் பதிவைக் காட்டும் கட்டளை) அடித்துப் பாருங்கள். அடாப்டரையும் தொட்டுப் பாருங்கள்.

இரவுப்பறவை:
அடாப்டர் கொதிக்கிறது!