லினக்ஸில் 4ஜி டாங்கிள்: பிங் போகிறது, தளப் பெயர்தான் அடிக்கடி சிக்குகிறது

நாணல்:

உபுண்டு 24.04 மடிக்கணினி, யூஎஸ்பி 4ஜி டாங்கிள், எம்பிஐஎம் (மோடம் யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசும் ஒரு முறை). இடைமுகம் டபிள்யூவான்0. 1.1.1.1-க்கு பிங் அடித்தால் ஒரு பாக்கெட்கூட விடாமல் போகிறது. பிரவுசரில் மட்டும் ஒரு தளம் சட்டென்று திறக்கும், அடுத்தது ஐந்து பத்து நொடி சுற்றிவிட்டு முகவரி கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ரீலோட் செய்தால் வந்துவிடும். இடிசி கோப்புறையில் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 8.8.8.8 என்று எழுதிப் பார்த்தேன். ரீபூட் செய்ததும் பழையபடி 127.0.0.53 வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதை நிரந்தரமாகச் சரிசெய்ய என்ன வழி?

கல்தச்சன்:

முதலில் அந்தக் கோப்பில் கை வைப்பதை நிறுத்துங்க. அது நிஜக் கோப்பு இல்லை. ரன் கோப்புறைக்குள் சிஸ்டம்டி-ரிசால்வ்டு (தளப் பெயருக்கு முகவரி தேடித்தரும் லினக்ஸ் சேவை) உருவாக்கும் ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃப் கோப்புக்குப் போகும் இணைப்பு. நீங்க எழுதுவதை ரிசால்வ்டு அடுத்த முறை அழித்துவிட்டு மறுபடி எழுதும். 127.0.0.53 என்பது உங்க கணினிக்குள்ளேயே இருக்கும் இடைத்தரகர். பெயரை முகவரியாக மாற்றித்தரும் உண்மையான டிஎன்எஸ் சர்வர்கள் யாரென்று அதற்குத்தான் தெரியும்.

அதைக் கேட்க "ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்" போடுங்க. டபிள்யூவான்0-க்குக் கீழே "டிஎன்எஸ் சர்வர்ஸ்" என்ற வரியில் எத்தனை முகவரி இருக்கிறது, "கரண்ட் டிஎன்எஸ் சர்வர்" எது என்று குறித்துக்கொள்ளுங்க. மோடம் உண்மையில் என்ன வாங்கியது என்று பார்க்க "எம்எம்சிஎல்ஐ -பி 0". பேரர் (மோடம் ஏற்படுத்திய தரவு இணைப்பு) எண் 0 இல்லையென்றால் "எம்எம்சிஎல்ஐ -எம் எனி" போட்டால் கடைசியில் காட்டும்.

அடுத்தது முக்கியம். வைஃபையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சர்வரையும் தனித்தனியாகச் சோதியுங்க. டிஎன்எஸ் சர்வரிடம் நேராகக் கேள்வி கேட்கும் டிக் கட்டளை தானாகவே 3 முறை முயலும், ஒவ்வொரு முறையும் 5 நொடி காத்திருக்கும். அதனால் இரண்டு கேள்வி தொலைந்தாலும் மூன்றாவதில் பதில் வந்து, எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். +ட்ரைஸ்=1 +டைம்=2 என்று சேர்த்து, @ குறிக்குப் பின் சர்வர் முகவரியைக் கொடுத்து, ஃபார் லூப்பில் 50 முறை ஓட்டுங்க. எத்தனைக்குப் பதில் வந்தது என்று எண்ணுங்க. 127.0.0.53-க்கும் ஒரு தடவை, வேறு வேறு பெயர்களாகக் கொடுத்து ஓட்டுங்க. ஒரே பெயர் என்றால் கேஷிலிருந்து பதில் வந்து ஏமாற்றிவிடும்.

எல்லா சர்வரும் சமமாகத் தவறவிட்டால் கோளாறு சிக்னலில். "எம்எம்சிஎல்ஐ -எம் 0 --சிக்னல்-செட்டப்=10", பிறகு "--சிக்னல்-கெட்". ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் வலு) -110 டிபிஎம்முக்குக் கீழே போனால் டிஎன்எஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. டாங்கிளை ஒரு நீட்டிப்பு யூஎஸ்பி கேபிளில் மாட்டி ஜன்னலோரம் வையுங்க. ஒரு சர்வர் மட்டும் தவறினால் குற்றவாளி அகப்பட்டாச்சு.

ஆலமரம்:

கல்தச்சன் சொன்ன சோதனையோடு இன்னும் இரண்டு. 8.8.8.8, 1.1.1.1 என்று மாற்றுவதற்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டியவை.

ஒன்று, டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53-ஆம் போர்ட்டை ஆபரேட்டர் இடைமறிக்கிறாரா? 192.0.2.1-ஐ சர்வராகக் கொடுத்து ஒரு டிக் போடுங்கள். அது ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி. அங்கே எந்தச் சர்வரும் கிடையாது. அங்கிருந்து பதில் வந்தால் வழியில் யாரோ பிடித்துப் பதில் சொல்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் எந்தச் சர்வர் முகவரியை எழுதினாலும் பயனில்லை, டிஎல்எஸ் மறையாக்கம் வழியாக 853-ஆம் போர்ட்டில் போனால்தான் தப்பலாம்.

இரண்டு, உங்களுக்குக் கிடைத்திருப்பது வெறும் ஐபிவி6 இணைப்பா? ஆபரேட்டரின் சர்வரிடம் "ஐபிவி4ஒன்லி.ஆர்ப்பா" என்ற பெயருக்கு ஏஏஏஏ பதிவு (ஐபிவி6 முகவரி) கேளுங்கள். அந்தப் பெயருக்கு இயல்பில் 192.0.0.170, 192.0.0.171 என்ற ஐபிவி4 முகவரிகள் மட்டுமே உண்டு. ஐபிவி6 பதில் வந்தால் அங்கே டிஎன்எஸ்64 (ஐபிவி4 முகவரியை ஐபிவி6 வடிவில் செய்துதரும் முறை) இயங்குகிறது. ஐபிவி4 மட்டும் உள்ள தளங்களை நீங்கள் எட்டுவதே அந்தச் சர்வர் செய்துதரும் முகவரியால்தான். அந்த நிலையில் சாதாரணப் பொது சர்வருக்கு மாறினால் பாதித் தளங்கள் திறக்கும், பாதி அடியோடு நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் இதைச் சமாளிக்க ஐபிவி4 பாக்கெட்டை ஐபிவி6 ஆக மாற்றும் கிளாட் உள்ளேயே இருக்கிறது, அதனால்தான் அதே சிம் போனில் ஒழுங்காக ஓடுகிறது. 2001:4860:4860::6464, 2606:4700:4700::64 ஆகிய பொது டிஎன்எஸ்64 சர்வர்கள் உண்டு. ஆனால் அவை 64:எஃப்எஃப்9பி::/96 என்ற பொது முன்னொட்டில்தான் முகவரி செய்யும். ஆபரேட்டர் சொந்த முன்னொட்டு வைத்திருந்தால் அவையும் உதவாது.

நாணல்:

இருவருக்கும் நன்றி. நான்கு சர்வர் காட்டுகிறது, ஐபிவி4 இரண்டு, ஐபிவி6 இரண்டு. ஐபிவி4 இரண்டுமே 50-க்கு 50. முதல் ஐபிவி6 50-க்கு 49. இரண்டாவது ஐபிவி6 50-க்கு 0! 192.0.2.1-இலிருந்து பதில் இல்லை. ஐபிவி4ஒன்லி.ஆர்ப்பாவுக்கு ஏஏஏஏ எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு சர்வர்தானே செத்திருக்கிறது, மற்ற மூன்றும் இருக்கும்போது ஏன் இவ்வளவு தடுமாற்றம்?

கல்தச்சன்:

ரிசால்வ்டு நான்கையும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை. ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், அது பதில் தராவிட்டால் அடுத்ததுக்கு நகரும், நகர்ந்தபின் பழையதுக்குத் தானாகத் திரும்பாது. உயிருள்ள சர்வரில் ஒரு பாக்கெட் தொலைந்தால் போதும், வரிசையில் நகர்ந்து செத்ததில் போய் விழும். அங்கே காத்துக்கிடந்து கைவிட்டு அடுத்ததுக்குப் போகும் நேரம்தான் நீங்க பார்க்கும் அந்தச் சுற்றல். "ஜர்னல்சிடிஎல் -யூ சிஸ்டம்டி-ரிசால்வ்டு -எஃப்" திறந்து வையுங்க. "யூசிங் டீகிரேடட் ஃபீச்சர் செட்" என்ற வரி எந்த முகவரியோடு வருகிறதென்று பாருங்க, அந்த ஐபிவி6 முகவரியாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு வெளிச் சர்வரே தேவையில்லை. ஐபிவி6 வழியாக வரும் டிஎன்எஸ் முகவரிகளை மட்டும் ஏற்காமல் விட்டால் போதும்: "என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை", அதன்பின் உங்க இணைப்பின் பெயர், அதன்பின் "ஐபிவி6.இக்னோர்-ஆட்டோ-டிஎன்எஸ் யெஸ்". பிறகு "என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப்" போட்டு இணைப்பைப் புதிதாக ஏற்றுங்க. ஐபிவி6 இணைப்புக்கு எதுவும் ஆகாது. ஏஏஏஏ பதிவுகளை ஐபிவி4 சர்வரே கொடுத்துவிடும். இது நெட்வொர்க் மேனேஜரின் இணைப்புக் கோப்பிலேயே பதிவாவதால் ரீபூட்டில் போகாது.

பனங்காடு:

இதே தேடலில் வருகிறவர்களுக்காக: டாங்கிள் பழைய 3ஜி வகை, பிபிபி (பழைய டயல்-அப் பாணி இணைப்பு முறை) வழியாக இணைகிறது என்றால், சர்வர் 10.11.12.13, 10.11.12.14 என்று காட்டுகிறதா பாருங்கள். நெட்வொர்க் உண்மை முகவரியைத் தருவதற்குள் மோடம் தானாக நீட்டிவிடும் பொய் முகவரிகள் அவை. துண்டித்து மறுபடி இணைத்தால் சில சமயம் சரியான முகவரி வரும். நிரந்தரத் தீர்வு, ஐபிவி4.இக்னோர்-ஆட்டோ-டிஎன்எஸ் யெஸ் போட்டு, ஐபிவி4.டிஎன்எஸ் என்பதில் சர்வரை நீங்களே எழுதுவது.

ரிசால்வ்டு இல்லாமல் கிளிப்சி (லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை நிரலகம்) நேராகவே சர்வரைக் கேட்கும் அமைப்பு என்றால், துல்லியமாக 5 நொடி தாமதம் வேறு காரணத்தாலும் வரும். ஏ (ஐபிவி4), ஏஏஏஏ (ஐபிவி6) இரண்டு கேள்வியையும் அது ஒரே சாக்கெட்டில் அடுத்தடுத்து அனுப்புகிறது. நடுவில் முகவரி மாற்றும் நாட் கருவி, ஒன்றின் பதிலை மட்டும் உள்ளே விட்டால், மற்றதுக்கு 5 நொடி காத்துக்கிடக்கும். ரிசால்வ்.கான்ஃபில் "ஆப்ஷன்ஸ் சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓப்பன்" என்ற வரி அதைத் தீர்க்கும்.

நாணல்:

கட்டளை போட்டு ஏற்றியபின் ஸ்டேட்டஸில் ஐபிவி4 சர்வர்கள் இரண்டு மட்டுமே நிற்கின்றன. 127.0.0.53-க்கு வேறு வேறு பெயர்களாக 50 கேள்வி, 50-க்கும் பதில். ரீபூட் செய்தும் அப்படியே இருக்கிறது. வைஃபையும் டாங்கிளும் ஒன்றாக இருக்கும்போது எந்தச் சர்வரைக் கேட்கும்?

ஆலமரம்:

இயல்பில் இரண்டு இடைமுகத்தின் சர்வரையும் கேட்டு, முதலில் வரும் நல்ல பதிலை எடுத்துக்கொள்ளும். டாங்கிளின் சர்வர் மட்டும் போதும் என்றால் அந்த இணைப்புக்கு ஐபிவி4.டிஎன்எஸ்-ப்ரையாரிட்டி -50 கொடுங்கள். எதிர்மறை எண் இருந்தால் நெட்வொர்க் மேனேஜர் அதைவிடப் பெரிய எண் கொண்ட இணைப்புகளின் சர்வர்களை ஒதுக்கிவிடும். வழக்கமான மதிப்பு 100. வீட்டு ரவுட்டருக்கு மட்டுமே தெரிந்த பிரிண்டர் பெயர் போன்றவை அப்போது கிடைக்காது, அவற்றை ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவிடுங்கள்.