இங்கிலீஷ் கமா: மூச்சு விடற இடத்துலயா, வாக்கியம் பிரியற இடத்துலயா?

பேனாக்காரன்:
எனக்கு சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான், படிக்கறப்ப எங்க மூச்சு விடறியோ அங்க கமா போடு. 20 வருஷமா ஆபீஸ் மெயில் அப்படித்தான் எழுதறேன், புரியலன்னு யாரும் சொன்னதில்ல. இப்ப கூட வேலை செய்யற பொண்ணு என் ட்ராஃப்ட்ல 11 கமாவ எடுத்துட்டு 4 புதுசா போட்டிருக்கு. இவ்ளோ ரூல் தேவையா?

கல்வெட்டு:
கண்டிப்பா தேவை. "வைல் ஹி வாஸ் குக்கிங் த பேபி க்ரைட்", கமா இல்லாம படிங்க, குழந்தைய சமைக்கறான்னு பாதி தூரம் போயிட்டு திரும்பி வரணும். "வைல் ஹி வாஸ் குக்கிங்" மாதிரி துணை வாக்கியம் முன்னாடி வந்தா அது முடியற இடத்துல கமா. அதுவே பின்னாடி வந்தா பெரும்பாலும் வேணாம்.

பேனாக்காரன்:
குக்கிங் சொன்னதும் நானும் மூச்சு விடுவேனே! என் ரூலும் அங்கதான் வந்து நிக்குது.

கல்வெட்டு:
சரி, "மை பிரதர் ஹூ இஸ் எ டாக்டர் கால்டு". கமா இல்லன்னா பல அண்ணன்ல டாக்டரா இருக்கறவர். பிரதருக்கு அப்புறமும் டாக்டருக்கு அப்புறமும் போட்டா அண்ணனே ஒருத்தர்தான், டாக்டர்ங்கறது கூடுதல் தகவல். தமிழ்ல "டாக்டரா இருக்கற என் அண்ணன்"னா ரெண்டுக்கும் பொருந்திடும், அதனால நம்ம காதுக்கு அந்த வித்தியாசம் சட்டுனு எட்டாது, மூச்ச நம்பி என்ன பண்றது?

குறுக்கெழுத்து:
இதையும் சேத்துக்கோங்க. நாம "வந்து, சாப்பிட்டு, போனான்"னு எச்சமா அடுக்கிப் பழகினவங்க, அதே கையோட "ஐ ஃபினிஷ்டு த ரிப்போர்ட், ஐ சென்ட் இட்"னு எழுதிடறோம். ரெண்டுமே முழு வாக்கியம், வெறும் கமா தாங்காது, அண்ட் போடணும் இல்ல முற்றுப்புள்ளி வைக்கணும். ஆனா "இன் 2019 வி மூவ்டு" மாதிரி சின்ன தொடருக்கு கமா அவங்கவங்க இஷ்டம், அதுல பேனாக்காரன் சொல்றது சரி.

கல்வெட்டு:
கனடாவுல ரோஜர்ஸ், அலையன்ட்னு ரெண்டு கம்பெனி. மின்கம்பத்துல கேபிள் இழுக்க 2002ல ஒப்பந்தம்: 5 வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா நீளும், கமா, ஒரு வருஷ நோட்டீஸ் குடுத்து நிறுத்தினா ஒழிய (இங்கிலீஷ்ல அன்லெஸ்). அந்த அன்லெஸ்ஸுக்கு முன்னாடி இருந்த கமாவால முதல் 5 வருஷத்துலயே நிறுத்தலாம்னு 2006ல அங்க இருக்கற தொலைத்தொடர்பு ஆணையம் சொல்லிடுச்சு. 2007ல அந்த ஒப்பந்த வாசகத்தோட பிரெஞ்சு பிரதியப் பாத்துத்தான் தீர்ப்ப மாத்தினாங்க.

பேனாக்காரன்:
அதத்தான் நானும் சொல்றேன், கமாவ நம்பினதே தப்பு, ரெண்டு வாக்கியமா எழுதியிருக்கணும். சரி, அந்தப் பொண்ணு எடுத்த கமாவுல ரெண்டு இது: "த ஃபைல்ஸ், விச் ஆர் ஓல்டு, கேன் பி டிலீட்டட்".

கல்வெட்டு:
நீங்க எழுதினபடி எல்லா ஃபைலும் பழசு, எல்லாத்தையும் அழிக்கலாம்.

பேனாக்காரன்:
பழசை மட்டும்தான் நான் சொன்னது! "ஒன்லி த ஓல்டு ஃபைல்ஸ்"னு மாத்திட்டேன், கமாவே வேணாம். மிச்ச ஒன்பதையும் எடுத்துப் பாக்கறேன்.